சூரணச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் பற்பாடகமும் ஒன்று. மணல் தரையில் முளைக்கும் சிறு பூண்டு. வேரோடு பிடுங்கிக் காயவைப்பதால் மணலும் கூடவே வரும். ராசப்ப செட்டித் தெருவில் ஏற்றிய மூட்டை, மீன்பாடி வண்டியில் குலுங்கி வியாசர்பாடி வந்து சேர்வதற்குள் அந்த மணல் அடிக்கு இறங்கிவிடும். மேலே ஒரு கை அள்ளிச் சோதித்தால் சரக்கு சுத்தம். அடியில் அள்ளினால் மண். இரண்டு அறிக்கையும் அதே மூட்டைக்குத்தான்!

தரச் சோதனையில் பெரும்பாலான பிழைகள் கருவிக்குப் போகும் முன்பே, கை வேலையில் நடந்துவிடுகின்றன. 5 மூட்டை வரை இருந்தால் எல்லாவற்றிலும், 6 முதல் 50 வரை இருந்தால் 5 மூட்டைகளிலும், அதற்கு மேல் போனால் பத்தில் ஒரு மூட்டையிலும் மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இடம். எல்லாவற்றையும் கலந்து சதுரமாகப் பரப்பி, மூலைக்கு மூலை கோடு கிழித்து, எதிரெதிரான இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். தேவையான அளவு வரும்வரை இதையே தொடரலாம். அரைப்பதற்கு முன் குச்சி, கல், வேறு செடியைப் பொறுக்கி எறிவதோடு நிற்காமல் அவற்றை நிறுத்து எழுதுங்கள். அந்த எடைதான் அந்நியப் பொருளின் அளவு.

அடுத்தது ஈரம். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்று ஓயாது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். சரக்கை உலையில் எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுப்பது ஒரு சோதனை. அந்தச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் அதிகம். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலையிலிருந்து எடுத்த மூசையை (சாம்பல் இருக்கும் சிறு கிண்ணம்) மேசைமேல் ஆறவிட்டால் எடை ஏறும். சூட்டோடு தராசில் வைத்தால் வெப்பக் காற்று மேலெழும்பி எடை குறைவாகக் காட்டும். டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஆறவைத்து உடனே நிறுப்பதுதான் வழி. அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல், ஈரம் நிறைந்து இளஞ்சிவப்பாகிப் பல நாள் ஆகியும் மாற்றாத இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட டெசிகேட்டர் வெறும் கண்ணாடி ஜாடிதான்.

சாம்பலைச் சீக்கிரம் வெளுக்கவைக்க வெப்பத்தை ஏற்றுவதும் தவறு. 450 டிகிரியைத் தாண்டக் கூடாது. மிக அதிகம் போனால் சில உப்புகள் ஆவியாகும், கார்பனேட்டுகள் சிதையும், சாம்பல் உள்ளதைவிடக் குறைவாக வரும். மொத்தச் சாம்பல் வரம்புக்குள் இருக்கிறது என்று நிறுத்திவிடவும் கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லி விட்டு 5 நிமிடம் கொதிக்கவைத்து, கரையாமல் நிற்பதை நிறுத்தால்தான் மணல் வெளியே வரும். வடிகட்டச் சாம்பலற்ற தாளே வேண்டும். சாதாரணத் தாள் தன் சாம்பலையும் கணக்கில் சேர்த்துவிடும்.

ஈரப்பதம் பார்க்க 10 கிராம் தூளை 105 டிகிரியில் 5 மணி நேரம் உலர்த்தி, பிறகு மணிக்கொரு முறை நிறுக்கிறோம். அடுத்தடுத்த இரண்டு எடைகளின் வித்தியாசம் 0.25 சதவீதத்துக்குள் வந்தால் போதும். ஆனால் கிராம்புக்கு இது பொருந்தாது. தண்ணீரோடு எண்ணெயும் ஆவியாகும். நல்ல கிராம்பில் எண்ணெயே 15 சதவீதத்துக்குக் குறையாது. வாசனைச் சரக்குகளுக்கு டொலுயீன் என்ற கரைப்பானில் காய்ச்சி, பிரிந்து வரும் தண்ணீரை மட்டும் அளக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் ஒரு சின்ன எச்சரிக்கை. திசுக்களைத் தெளிவாக்கும் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் சூடாக்கிய தூளில் மாவுமணி (ஸ்டார்ச்) தெரியாது, கரைந்துபோயிருக்கும். சுக்கில் மாவு இல்லை என்று எழுதும் முன் தண்ணீர் மட்டும் விட்ட இன்னொரு கண்ணாடித் துண்டில் தூளை வைத்துப் பாருங்கள்.

கிருமி எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று வந்தால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவது நல்லது. மஞ்சளும் கிராம்பும் கிருமியைத் தடுக்கும் சரக்குகள். கிருமி வளர்க்கும் தட்டிலும் அதே வேலையைச் செய்யும். உள்ளே உயிரோடு இருப்பது வளராமல் போகும். மாதிரியைக் கரைத்த அதே கரைசலில் தெரிந்த அளவு கிருமியை வேண்டுமென்றே விட்டு, திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னும் நீர்க்கச் செய்து, சரக்கின் கிருமித் தடுப்பை முறிக்கும் பாலிசார்பேட் 80 சேர்த்து மறுபடி முயலுங்கள்.

உலோகச் சோதனையில் நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ரச மருந்து (பாதரசம் சேர்ந்த மருந்து) அரைத்த கல்வத்திலேயே சூரண மாதிரியையும் அரைத்தால், மூலிகையில் இல்லாத பாதரசம் அறிக்கையில் வரும். பாத்திரத்தைத் தனியாக வையுங்கள். கண்ணாடிச் சாமான்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். வரம்புகள்: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஆர்செனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1. வெளி ஆய்வகத்திலிருந்து 'காட்மியம் இல்லை' என்று தாள் வந்தால், அவர்கள் முறை எவ்வளவு குறைந்த அளவு வரை காட்டும் என்று கேளுங்கள். 1 பிபிஎம்முக்குக் கீழே காட்டாத முறையில் 0.3 வரம்பைத் தீர்மானிக்க முடியாது. அந்த எண்ணை எழுதித் தராத தாளைத் திருப்பி அனுப்புங்கள்.