குழந்தைக்கு தனியா ஊட்டாதீங்க, உங்க தட்டு பக்கத்துல ஒரு தட்டு போடுங்க

பெரியவனுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது ஒரு வேளை சோறு ஊட்ட எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். கிண்ணத்த எடுத்துட்டு வாசல், மொட்டை மாடி, எதிர்வீட்டு கன்னுக்குட்டி, கடைசியா போன். போன்ல பாட்டு ஓடும், அவன் கண்ணு அதுலயே இருக்கும், வாய் தானா திறக்கும், நான் உருண்டைய உள்ள வைப்பேன், என்ன சாப்பிட்டோம்னு அவனுக்கே தெரியாது. அவனுக்கு முடிச்சுட்டு நான் உக்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். சின்னவ பொறந்ததும் இதையே திரும்ப செய்ய உடம்புல தெம்பு இல்ல, அப்போ ஒண்ணொண்ணா மாத்துனதுதான் இங்க எழுதுறது எல்லாம்.

நம்ம வீடுகள்ல "மொதல்ல புள்ளைக்கு குடுத்துரு, அப்புறம் நாம உக்காரலாம்"னு ஒரு பழக்கம் இருக்குல்ல, பாசத்துல வந்த பழக்கம்தான், ஆனா அதனால குழந்தை மத்தவங்க சாப்பிடுறத பாக்குறதே இல்ல. அதுக்கு தெரிஞ்ச சாப்பாடுன்னா ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன், எதிர்ல கவலையோட ஒரு அம்மா மூஞ்சி. அங்கன்வாடிக்கு போற புள்ளைங்கள கவனிச்சு பாருங்க, வீட்டுல அவ்ளோ அழிச்சாட்டியம் பண்ற புள்ள அங்க வரிசையில உக்காந்து, பக்கத்துல இருக்கறவன் சாப்பிடுறத பாத்து தானா எடுத்து சாப்பிடும். குழந்தை சாப்பிட கத்துக்கிறதே பாத்துத்தான்.

அதனால நீங்க முதல்ல செய்ய வேண்டியது இதுதான், உங்க தட்டு பக்கத்துல ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வைங்க, ஒரே நேரம், ஒரே சாப்பாடு. தரையில பாய் விரிச்சு உக்காந்தாலும் சரி டேபிள்ல உக்காந்தாலும் சரி, குழந்தை முதுகு நிமிர்ந்து இருக்கணும், படுத்துக்கிட்டோ நடந்துக்கிட்டோ வேணாம். எங்க மாமனார் முருங்கைக்காய பல்லுல கடிச்சு இழுத்து சாப்பிடுவாரு. பெரியவன் சாம்பார் காய வாயில வச்சாலே துப்பற ஆளு, ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் தாத்தா பக்கத்துல உக்காந்து அவர் வாயவே பாத்துட்டு இருந்தான், தாத்தா இழுக்கும்போது இவன் உதடும் அசையுது. அப்புறம் மெதுவா கைய நீட்டி தாத்தா தட்டுல இருந்து ஒரு துண்ட எடுத்து அதே மாதிரி இழுத்தான். சதை கொஞ்சூண்டுதான் வாயில போச்சு, தாடை எல்லாம் சாம்பார், யாரும் கை தட்டல, ஆஹா ஓஹோன்னு சொல்லல, தாத்தா மட்டும் சக்கைய எங்க வைக்கணும்னு காட்டிக் குடுத்தாரு. அன்னைக்கு அப்புறம் முருங்கைக்கா அவனுக்கு பிரச்சனையே இல்ல. (சின்ன குழந்தைக்கு சதைய வழிச்சு குடுங்க, நாரு தொண்டையில மாட்டும்.)

எல்லாரும் ஒண்ணா உக்கார எங்க நேரம்னு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரர் கடை பூட்டிட்டு வர ராத்திரி ஒன்பதரை ஆகும், அது வரைக்கும் குழந்தைங்கள காக்க வைக்க முடியாது, தூக்க கலக்கத்துல எந்த குழந்தையும் சாப்பிடாது. அதனால நாங்க காலை எட்டு மணி இட்லிய பிடிச்சுக்கிட்டோம், இருபது நிமிஷம், எல்லாரும் உக்காருவோம். ராத்திரி ஏழரைக்கு குழந்தைங்க கூட உக்காந்து அத்தையும் (என் மாமியார்) மாமாவும் சாப்பிடுவாங்க. குடும்பமே கூடணும்னு கட்டாயம் இல்லங்க, குழந்தை கூட ஒரு பெரிய ஆளு தானும் நிஜமா சாப்பிட்டா போதும், ஊட்டிக்கிட்டு மட்டும் இருக்கக்கூடாது.

சமையல் தனித்தனியா வேணாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட தேவையில்ல. ஆறு மாசம் முடிஞ்சதும் தாய்ப்பால நிறுத்தாம கூடவே சோறும் ஆரம்பிக்கலாம். முதல்ல ரெண்டு மூணு ஸ்பூன் தான், எட்டு மாசம் வரும்போது 250 மில்லி கப்புல அரை கப், ஒரு வயசுக்கு மேல முக்கால்ல இருந்து ஒரு கப், இது சராசரி கணக்கு, உங்க குழந்தை கூடவோ கொறச்சலோ சாப்பிடலாம். 6-8 மாசத்துல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, 9 மாசத்துல இருந்து மூணு நாலு வேளை, நடுவுல ஒண்ணு ரெண்டு தடவ பழம் மாதிரி ஏதாவது. தாய்ப்பால் ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் குடுக்கலாம்.

சாம்பாருக்கு பருப்பும் காயும் வெந்ததும் புளி, உப்பு, மொளகாப்பொடி போடறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி தனியா எடுத்து வச்சிருங்க, அதுதான் குழந்தைக்கு. குழைஞ்ச சாதம் ஒரு சின்ன கைப்பிடி, அந்த பருப்பு, நெய் அரை ஸ்பூன், கையால மசிங்க. மிக்ஸில அடிக்காதீங்கன்னு நான் கெஞ்சி கேட்டுக்கிறேன். மசிச்சத ஸ்பூன்ல எடுத்து சாய்ச்சா ஓடாம நிக்கணும், தண்ணியா இருந்தா வயிறு ரொம்பும் சத்து போகாது. எட்டு மாசத்துல கொஞ்சம் கட்டி கட்டியா விடுங்க, ஒன்பது பத்து மாசத்துல இட்லி துண்டு, வெந்த கேரட் விரல் நீளத்துக்கு வெட்டி கையில குடுங்க. அந்த வயச தாண்டியும் கூழாவே குடுத்தா பின்னாடி மெல்ல கத்துக்கவே கஷ்டப்படுவாங்க, பெரியவன் விஷயத்துல நான் அனுபவிச்சது அது. ஒரு வயசுக்கு மேல வீட்டு சாப்பாடுதான், காரத்த வீட்டுக்கே கொஞ்சம் கொறச்சுக்கோங்க.

முட்டை, மீன் எல்லாம் ஒரு வயசு வரைக்கும் தள்ளிப்போடணும்னு இல்ல, ஆறு மாசத்துக்கு அப்புறம் நல்லா வேக வச்சு, ஒரு நேரத்துல ஒரு புது சாப்பாடா குடுத்து பாக்கலாம், மீன்ல முள்ள விரலால தடவி தடவி எடுங்க. சர்க்கரை ரெண்டு வயசு வரைக்கும் வேணாம். தேன் ஒரு வயசுக்குள்ள கூடவே கூடாது, பொறந்த குழந்தை நாக்குல சேனை வைக்கிறோம்னு தேன் தொட்டு வைக்கிற வழக்கமும் வேணாம், தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்ன குழந்தையோட குடல்ல வளந்து விஷத்த உண்டாக்கிடும், பெரியவங்ககிட்ட இத பொறுமையா எடுத்து சொல்லுங்க.

இப்போ முக்கியமான விஷயம். அமெரிக்காவுல எல்லின் சாட்டர்னு ஒரு உணவியல் நிபுணர், அவங்க சொன்ன வேலைப் பிரிவினை ஒண்ணு இருக்கு. என்ன சாப்பாடு, எப்போ, எங்க, இது பெரியவங்க பொறுப்பு. சாப்பிடலாமா வேணாமா, எவ்ளோ, இது குழந்தை பொறுப்பு. கேக்க சுலபமா இருக்கும், செய்யும்போது அம்மா மனசு கேக்காது. "கடைசி வாய் கண்ணு"ன்னு சொல்லி ஊட்டுவோம், அப்புறம் இன்னொரு கடைசி வாய், காக்காவுக்கு ஒண்ணு, தாத்தாவுக்கு ஒண்ணு. குழந்தை போதும்னு தலைய திருப்புறது அதோட வயிறு சொல்றத கேட்டுத்தான், அத மீறி மீறி ஊட்டினா போதும்ங்கற உணர்வையே நம்பாம போயிடும். பூச்சாண்டி, போலீஸ் பயம் வேண்டவே வேணாம், "சாப்பிட்டா சாக்லேட் தரேன்"ங்கறதும் வேணாம், அப்படி சொன்னா சோறு கஷ்டமான வேலை சாக்லேட் அதுக்கு கூலின்னு ஆயிடும்.

தட்டுல அவங்களுக்கு பிடிச்சது ஒண்ணாவது இருக்கணும், அது தயிர்சாதமா இருக்கலாம் அப்பளமா இருக்கலாம், பக்கத்துல புதுசு ஒரு ஸ்பூன் வைங்க. தொடலன்னா விட்டுருங்க. நாலு நாள் கழிச்சு திரும்ப வைங்க. ஒரு புது சாப்பாட்ட ஏத்துக்க எட்டு பத்து தடவ, சில குழந்தைக்கு பதினஞ்சு தடவ கூட ஆகும், நாம மூணாவது தடவையிலயே "இவனுக்கு பீர்க்கங்கா பிடிக்காது"ன்னு முடிவு கட்டி ஊருக்கே சொல்லிடுறோம், அவனும் அதையே பிடிச்சுக்கிறான். ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புதுசுக்கு பயப்படுறது வளர்ச்சியோட ஒரு பகுதி, நீங்க எதுவும் தப்பா பண்ணிடல.

"ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்போ சாப்பிடவே மாட்டேங்குறான்"னு கிட்டத்தட்ட எல்லா அம்மாவும் சொல்றத கேட்டிருக்கேன். கணக்கு பாருங்க, மூணு கிலோவுல பொறந்த குழந்தை ஒரு வயசுல ஒன்பது கிலோவுக்கு மேல இருக்கும், அதாவது ஆறு கிலோ ஏறியிருக்கு. ரெண்டாவது வருஷம் முழுக்க சேத்தே ரெண்டு ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவானா பசியும் கொறையத்தான் செய்யும். எடைய தாய் சேய் நல அட்டையில இருக்கற கோட்டுல குறிச்சுட்டு வாங்க, கோடு மேல போய்க்கிட்டே இருந்தா தட்டுல மிச்சம் இருக்கறத பாத்து அழ வேண்டாம்.

பசி எடுக்காததுக்கு இன்னொரு காரணம் மாட்டுப்பால். ஒரு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல வேணாம், 400 போதும். சாப்பிடலையேன்னு பால், பால் குடிச்சதால சாப்பிடல, இப்படியே சுத்தி சுத்தி இரும்புச்சத்து கொறஞ்சு போகும், ஏன்னா பால்ல இரும்பு ரொம்ப கம்மி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம நாட்டுல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள உள்ள குழந்தைங்கள்ல நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகை, எனக்கு அத படிச்சப்போ வயித்த கலக்குச்சு. கீரை, பயறு, முட்டை, ஈரல் குடுங்க, கூட கொஞ்சம் எலுமிச்சை இல்ல நெல்லிக்கா இருந்தா இரும்பு நல்லா உடம்புல சேரும், டீ காபி வேணாம் அது சேர விடாது. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவ 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசாங்கத் திட்டத்துல இருக்கு, கிராம செவிலியர்கிட்ட கேளுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒன்றரை ரெண்டு மணி நேரம் பிஸ்கட், ஜூஸ், பால் எதுவும் இல்லாம தண்ணி மட்டும் குடுத்து பாருங்க, பசியோட உக்கார்ற குழந்தை வேற மாதிரி சாப்பிடும்.

சாப்பிடும்போது போன் காட்டுறத நிறுத்துறது எப்படின்னா, மூணு வேளையும் ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. காலை ஒரு வேளைய மட்டும் எடுங்க, அப்போதான் பசியும் இருக்கும் மூடும் நல்லா இருக்கும். நாங்க எல்லார் போனையும் ஃபிரிட்ஜ் மேல வச்சோம், எங்க வீட்டுக்காரர் போன் உட்பட, டிவியும் ஆஃப். முதல் மூணு நாள் பெரியவன் தட்ட தள்ளிவிட்டு அழுதான், நாலு வாய் கூட சாப்பிடல, அத்தைக்கு கண்ணு கலங்கிருச்சு, "புள்ள பட்டினி கிடக்குதே"ன்னாங்க. நான் அவங்க கைய பிடிச்சுக்கிட்டு மதியம் சாப்பிடுவான் அத்தைன்னு சொன்னேன், மதியம் சாப்பிட்டான். அஞ்சாவது நாள் இட்லிய தானா பிச்சான். ஒரு வாரம் ஆனதும் மதியத்தையும் அப்புறம் ராத்திரியையும் மாத்துனோம். போனுக்கு பதிலா பேச்சு வேணும், உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு விரல் விரலா அம்மாவுக்கு அப்பாவுக்குன்னு பங்கு வைக்கிற விளையாட்டு இருக்கே, அத தட்டு வர்றதுக்கு முன்னாடி விளையாடுவோம், சின்னவ இப்போ அந்த விரல்களுக்கு நிஜ சோத்தையே பங்கு வைக்கிறா. அரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, எடுத்துட்டு அடுத்த வேளைக்கு பாத்துக்கலாம்.

அவசரப்பட்டு படிச்சாலும் இத விட்டுறாதீங்க. அஞ்சு வயசுக்குள்ள முழு நிலக்கடலை, முந்திரி, மிக்சர், கெட்டி மிட்டாய், தேங்கா சில்லு, பச்சை கேரட் துண்டு குடுக்கக்கூடாது. கடலைய பொடிச்சு சாதத்துல போடுங்க, திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டுங்க, நுங்க நசுக்குங்க. சிரிக்கும்போது ஓடும்போது ஊட்டாதீங்க. குமட்டி இருமுனா பயப்படாம விடுங்க, அது தானா வெளிய தள்ளும். சத்தமே வராம மூச்சு விட திணறுனா அதுதான் அடைப்பு, உடனே ஒருத்தர 108க்கு அடிக்க சொல்லிட்டு, குழந்தைய முன்பக்கமா குனிய வச்சு முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பக்கத்தால அஞ்சு தட்டு தட்டுங்க, ஒரு வயசுக்குள்ளன்னா முன்கையில குப்புற, தலை கீழ இருக்க மாதிரி வச்சு தட்டணும். கண்ணுக்கு தெரியாத பொருள வாயில விரல விட்டு தேடாதீங்க, உள்ள போயிரும். மிச்ச முதலுதவிய டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ ஒரு தடவ நேர்ல செஞ்சு காட்ட சொல்லி கத்துக்கோங்க.

எடை ரெண்டு மூணு மாசமா ஏறவே இல்லன்னா, இல்ல எறங்குதுன்னா, ஒவ்வொரு தடவையும் புரையேறுனா, மண்ணு சாம்பல் சாக்பீஸ் தின்னா, மொத்தமே நாலஞ்சு சாப்பாட்ட தவிர எதையும் தொடலன்னா டாக்டர பாருங்க, அங்க வீட்டு வைத்தியம் வேணாம்.

சிந்தத்தான் செய்வாங்க. பாய்க்கு கீழ பழைய பெட்ஷீட் ஒண்ணு போட்டுட்டா அப்படியே உதறிடலாம், மூஞ்சிய வாய்க்கு வாய் துடைக்காதீங்க, கடைசில ஒரு தடவ போதும். ரெண்டு வயசாச்சுன்னா அவங்க தட்ட அவங்களே எடுத்துட்டு போய் குழாயடியில வைக்கட்டும், எவர்சில்வர் தட்டா இருந்தா கீழ விழுந்தாலும் சத்தம் மட்டும்தான் வரும்.