கரையில் எண்ணெய் வாடை வந்தால்: இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் காற்றைப் பார்ப்பது எப்படி?

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு இருபது வருடமாக இளைப்பு (ஆஸ்துமா). 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது, அதில் டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் இருக்கிறது என்று செய்தி வந்ததும் வீட்டில் ஒரே கேள்விதான்: அம்மா இங்கே இருக்கலாமா, கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் தக்கலையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கடைசியில் நம் கரையில் ஒதுங்கியது பிளாஸ்டிக் மணிகள். ஆனால் காற்றை அளக்கிறேன் என்று அந்த நாட்களில் நான் அடித்த கூத்தில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

படி 1: காற்று எந்தப் பக்கம்?

எண்ணெய் எங்கே மிதக்கிறது என்று தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். வழக்கமாகப் பகலில் கடலிலிருந்தும் ராத்திரியில் கரையிலிருந்தும் காற்று வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணக்கை நம்பாதீர்கள். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) ராத்திரி பகல் பார்க்காமல் கடலிலிருந்து ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுத்தான் போகும். "ராத்திரி சன்னலைத் திறந்துக்கலாம்" என்பது அந்த மாதங்களில் சரிப்படாது. காற்றின் திசையைப் பார்க்க விண்டி செயலி போதும். அதைவிட எனக்கு மொட்டை மாடிக் கொடியில் கட்டிய லுங்கிக் கிழிசல்மேல்தான் நம்பிக்கை.

படி 2: செயலியின் பச்சையை நம்பி உட்கார வேண்டாம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீடு எட்டுப் பொருள்களை வைத்துப் போடப்படுவது: இரண்டு அளவு நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். எண்ணெயிலிருந்து எழும் பென்சீன், டொலுயீன், சைலீன் ஆவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த எண் 50-க்குள் பச்சையாக இருக்கும்போதே உங்களுக்குத் தலை வலிக்கலாம். அளவு நிலையம் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கச்சா எண்ணெயோ டீசலோ கொட்டினால் இந்த லேசான ஆவிகள் முதல் ஓரிரு நாளில்தான் வேகமாகக் கிளம்பும். பிறகு கரையில் கறுப்பாக உருண்டு கிடக்கும் தார்க்கட்டி பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது காற்றில் சேர்ப்பது குறைவு. வெறுங்கையால் தொடக் கூடாது, அவ்வளவே.

படி 3: மீட்டர் (நான் சறுக்கிய இடம்)

ஆன்லைனில் ஒரு சின்ன மீட்டர் வாங்கினேன். நுண்துகளும் விஓசியும் (பென்சீன் போல எளிதில் ஆவியாகும் பொருள்கள்) காட்டும். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் வைத்தால் நுண்துகள் 190! அம்மாவின் துணிமணியைப் பையில் வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் அதே வாசலில் 35.

விஷயம் இதுதான். மலிவு மீட்டர்கள் லேசர் ஒளியில் துகளை எண்ணுகின்றன. ஈரம் அதிகமான காற்றில் பனித்துளியையும் அலைத்தெறிப்பின் உப்பையும்கூடத் தூசி என்று எண்ணிவிடும். கடற்கரைக்காரர்கள் விடியற்கால எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

விஓசி இன்னும் மோசம். ஒருநாள் மாலை அது திடீரென்று எகிற, நான் பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு மயினி சட்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "மக்கா, நான் சாளை பொரிக்கேன்லா" என்றார். சானிடைசர், கொசுவத்தி, தைலம் எல்லாவற்றுக்கும் அது குதிக்கும்.

அதனால் இப்போது நான் செய்வது: புது மீட்டரை இரண்டு நாள் அணைக்காமல் ஓடவிடுவேன். பிறகு அடுப்படிக்கு எதிர்ப்பக்கம், வெயில் படாத திண்ணையில், தினமும் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் வரும் எண்ணைக் காலண்டரில் குறிப்பேன். வழக்கமான எண் தெரிந்தால்தான் ஏற்றம் தெரியும். சந்தேகம் வந்தால் அதே மீட்டரை பைக்கில் தக்கலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். எண் அங்கே குறைந்து, இங்கே திரும்பியதும் ஏறினால் காற்றில் ஏதோ இருக்கிறது. அது பென்சீனா வேறா என்று இந்த மீட்டர் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

படி 4: மூக்கு

மூக்கு நல்ல கருவி, ஆனால் சீக்கிரம் பழகிவிடும். அரைமணி நேரம் கரையில் நின்றவரிடம் "வாடை இருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை. கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவரைக் கேளுங்கள்.

படி 5: நெஞ்சு

என்னைக் கேட்டால் காற்று மீட்டருக்கு முன் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய். நின்றபடி மூச்சை நன்றாக இழுத்து ஒரே ஊதலாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி அதிகமான எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் நல்ல நாள் எண் 300. அதில் 80 சதவீதம், அதாவது 240-க்கு மேல் என்றால் நிம்மதி. பாதியான 150-க்கும் 240-க்கும் நடுவில் வந்தால் டாக்டர் எழுதித் தந்தபடி இன்ஹேலர் பஃப் கொடுத்து, கரையிலிருந்து தள்ளிப் போக வேண்டும். 150-க்குக் கீழே போனால் யோசிக்காமல் 108. எண் நன்றாக இருந்தாலும் பேசவே மூச்சு வாங்கினால் அதே 108தான்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள் இருக்கும் வீட்டில் வாடை நன்றாகத் தெரிந்தாலே போதும், எண்ணுக்குக் காத்திருக்காமல் கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் ஊருக்குப் போய்விடுங்கள். கடலில் எண்ணெய்ப் படலம் கண்டால் கடலோரக் காவல்படைக்கு 1554.

பின்சேர்க்கை: என்-95 மாஸ்க் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தூசிக்குப் போதும், எண்ணெய் ஆவிக்குப் போதாது. ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும்; அதைப் போட்டு மூச்சு இழுப்பதே இளைப்புக்காரர்களுக்குப் பாடு.

இன்னொன்று: குளச்சலிலிருந்து ஒருவர், சன்னலையெல்லாம் அடைத்தும் வீட்டுக்குள் வாடை குறையவில்லை என்று எழுதினார். கேட்டதில், அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். அதை அணைத்து, கடல் பக்கக் கதவிடுக்கில் ஈரத்துணி செருகிய பிறகு பரவாயில்லை என்றார்.