முன்கூட்டியே பால் மறந்த குட்டிகள்

பினாங்கின் தென் செபராங் பிறையில் நான் பார்த்துவரும் பன்றிப் பண்ணையில், தாய்க்குப் பால் வற்றியதால் 16 நாளே ஆன ஒன்பது குட்டிகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. உலர்தீவனத்தைத் தொட்டி நிறைய வைத்தது என் தவறு; பாலை மட்டுமே செரிக்கப் பழகிய குடல் மாவுச்சத்தையும் சோயாப் புரதத்தையும் தாங்காமல், குட்டிகளுக்கு நீர்போல் கழிச்சல் கண்டது. பிறகு, பால்பொடி மிகுந்த குட்டித்தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, தாழ்வான தட்டில் மூன்று மணிக்கொருமுறை சிறிதளவே ஊற்றி, மிச்சத்தை உடனே கழுவினேன். இரவு மழைக்காற்றில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்ததைக் கண்டு, சூடேற்றும் விளக்கைத் தாழ இறக்கி, படுக்கையில் 30 பாகை வெப்பம் நிலைக்கச் செய்தேன். தீவனத்தைவிட அதுவே பெரிதும் உதவியது என்பேன். குளுக்கோசும் உப்பும் கலந்த நீரும் வைத்தேன். நான்காம் நாள் கழிச்சல் நின்றது; எட்டுக் குட்டிகள் தேறின, மிகச் சிறியதை மட்டும் காப்பாற்ற இயலவில்லை.