எஃப்ஐ பைக் ஸ்டார்ட் ஆகலையா? பம்பில் கை வைக்கும் முன்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு இங்கே விற்கும் புது பைக் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷன்தான். எஃப்ஐ என்பதும் அதுதான்: டேங்கில் இருக்கும் பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்ப, இன்ஜெக்டர் அதைத் தெளிக்கும். வேலை பழக வரும் பையன்களின் கை மட்டும் இன்னும் கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்திலேயே போகிறது. கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட், காலி டேங்க் எல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். மற்றபடி செய்யும் தப்புகளைப் பேசுவோம்.

ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே செல்ஃப் அடிப்பது

எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்குப் போடுவது ஈசியூ, அதாவது வண்டியின் குட்டி கம்ப்யூட்டர். பல வண்டிகளில் முழுசாக முறுக்கி செல்ஃப் அடித்தால், பிளக் நனைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது பெட்ரோலையே நிறுத்திவிடும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் அடியுங்கள்.

மீட்டர் லைட் எரிகிறது, அதனால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஏனென்றால் வண்டிக்காரர் பணம் ஆயிரக்கணக்கில் போகிறது. மீட்டர் எரிய ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். செல்ஃப் மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி வோல்ட் சரிந்தால் என்ஜின் மெதுவாகச் சுற்றும், ஆனால் ஈசியூ அணைந்து அணைந்து எழும், பம்பும் ஒழுங்காக ஓடாது. உடனே "பம்ப் போச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். டேங்கை இறக்கும்போது பேட்டரியைச் சார்ஜில் போடுவதால், புது பம்ப் மாட்டியதும் வண்டி பட்டென்று பிடிக்கும். இரண்டு நாளில் அதே வண்டி, அதே குறையோடு, தள்ளிக்கொண்டு வரும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கினால் முழுசாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரி முடிந்தது.

பேட்டரி நல்லதாக இருந்தால் அடுத்தது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை என்ஜினோடு இணைக்கும் வயர். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை என்ஜின் கேஸின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. அந்த போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்து இறுக்க பத்து நிமிடம் போதும்.

இவை இரண்டும் சரியென்றால்தான் பம்ப். சாவி போட்டதும் 2-3 விநாடி "ம்ம்" என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதே விநாடிகளில் பம்ப் கனெக்டரில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங்கைத் தேடுங்கள். சத்தம் வந்தாலும் பிரஷர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டினால் பெரும்பாலான வண்டிகளில் 3 பார் அளவில் நிற்க வேண்டும். அந்த மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைந்தால் அடைத்த வடிகட்டி, பிரஷர் ரெகுலேட்டர், டேங்குக்குள்ளே வெடித்த குழாய் என்று பார்த்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்லுங்கள். லைனைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரைப் பிடுங்கி செல்ஃப் அடித்து பிரஷரை இறக்குங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் கண்ணில் பீய்ச்சும்.

செத்த பேட்டரியோடு தள்ளி ஸ்டார்ட் செய்வது

பம்புக்கும் ஈசியூவுக்கும் கரண்ட் இல்லாமல் பெரும்பாலான வண்டிகள் பிடிக்காது.

இன்ஜெக்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுப்பது

தொடர்ந்து கொடுத்தால் உள்ளே இருக்கும் காயில் சூடாகி எரியக்கூடும்.

எரர் கோடைப் படிக்காமல் பேட்டரி வயரைக் கழற்றுவது

சில வண்டிகளில் ஈசியூ பதிந்துவைத்த அந்தக் குறை எண் அழிந்துபோகும். இன்ஜின் லைட் எத்தனை முறை மினுக்குகிறது என்று முதலில் எண்ணி எழுதிவையுங்கள்.

கீழே விழுந்த வண்டியை நிமிர்த்தி நேராக செல்ஃப் அடிப்பது

சாய்வு சென்சார் என்ஜினை நிறுத்தியிருக்கும். சாவியை அணைத்து மறுபடி போட்டால்தான் விடும். இதற்கே வயரிங்கைப் பிரித்தவர்கள் உண்டு.

மழை சீசனில் பெட்ரோலைச் சந்தேகிக்காமல் விடுவது

எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்து இரண்டு அடுக்காகத் தெரிந்தால், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். டேங்கை முழுசாகக் காலி செய்து துடைத்துவிட்டு நிரப்புங்கள்.