பள்ளி மாவட்டங்களுக்கான பயிற்சி, வழிகாட்டுதல் மானியங்கள்: அமெரிக்கக் கூட்டாட்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கும், ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளான பள்ளி மாவட்டங்களுக்கும் உரியது. ஆனாலும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும், மாவட்ட நிர்வாகத்துக்கு நிபுணர்களின் வழிகாட்டுதலைப் பெற்றுத் தரவும் கூட்டாட்சி அரசு நெடுங்காலமாக நிதி அளித்துவருகிறது. 1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தின் நான்காம் தலைப்பு (சட்டத்தின் பெரும் பிரிவு), இனப் பிரிவினையைக் கைவிட முனைந்த பள்ளி வாரியங்களுக்கு நிபுணர் ஆலோசனை, ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி, இவற்றுக்கான மானியம் ஆகிய மூன்றுக்கும் வழிசெய்தது. இன்று நிதித் திட்டங்கள் பல துறைகளில் பரந்து கிடக்கின்றன. மாவட்ட அலுவலகத்தில் பணிபுரிபவர்கள், பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், சார்ட்டர் பள்ளிகளை (அரசு நிதியில் தன்னாட்சியோடு இயங்கும் பள்ளிகளை) நிர்வகிப்பவர்கள், விண்ணப்பம் எழுதும் பணி திடீரென்று தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பணத்துக்கு முன் தீர்மானிக்க வேண்டியது

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை எழுதிவிட வேண்டும்: இந்தப் பயிற்சி முடிந்த பிறகு வகுப்பறையில் எது மாறியிருக்க வேண்டும்? ‘ஆசிரியர்களின் திறன் மேம்படும்’ என்பது விடையாகாது. ‘ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் மாணவர்கள் உள்ள ஆறாம் வகுப்புக் கணித வகுப்புகளில், ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களைத் தங்கள் தீர்வுமுறையை வாய்விட்டு விளக்கச் செய்வார்கள்’ என்பது விடை. ஏனென்றால் அதை ஒருவர் வகுப்பில் அமர்ந்து கண்ணால் பார்க்க முடியும்.

இது வெறும் எழுத்து நேர்த்திக்காகச் சொல்லப்படுவதன்று. 2015-இல் இயற்றப்பட்ட ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டம், தொழில்முறை மேம்பாட்டுப் பயிற்சி தொடர்ச்சியானதாகவும், ஆழமானதாகவும், ஆசிரியர்கள் கூடிச் செயல்படுவதாகவும், அன்றாடப் பணியோடு இணைந்ததாகவும், தரவுகளை அடிப்படையாகக் கொண்டதாகவும், வகுப்பறையை மையமாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. ஒரு நாள் பட்டறைகளையும் தனித்து நிற்கும் குறுகிய காலப் பட்டறைகளையும் அந்த வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்குகிறது. ஆகஸ்டு மாதத்தில் அனைவரையும் ஓர் அரங்கில் அமர்த்திப் பேச்சாளர் ஒருவரை அழைத்துவரும் திட்டத்துக்கு இச்சட்டத்தின் கீழ் வரும் நிதியைக் கேட்பது, சட்டத்தின் நோக்கத்துக்கே எதிராகக் கேட்பதாகும். பயிற்சி நாளைவிட, அதற்குப் பின் வரும் மாதங்களில் பயிற்றுநர் வகுப்பறைக்கு வந்து கவனித்துக் கலந்துபேசும் நேரத்துக்கே பெரும்பகுதி நிதி செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிதி எங்கே இருக்கிறது

இரண்டு வகை உண்டு. முதல் வகை, சூத்திரத்தின்படி தானாக வந்துசேரும் நிதி. அதில் பயிற்சிக்கென்றே முதன்மையாக உள்ளது மேற்சொன்ன சட்டத்தின் இரண்டாம் தலைப்பு ‘ஏ’ பகுதி. கூட்டாட்சித் திட்டப் பட்டியலில் இதன் எண் 84.367. கல்வித் துறை மாநிலங்களுக்கு வழங்கும் இந்நிதியை, மாநிலங்கள் மாவட்டங்களுக்குப் பிரித்தளிக்கின்றன. அப்படிப் பிரிக்கும்போது 20 சதவீதம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையையும், 80 சதவீதம் அவர்களுள் வறுமையில் உள்ளோரின் எண்ணிக்கையையும் சார்ந்திருக்கும். இதற்குப் போட்டி இல்லை; ஆனால் மாநிலத்திடம் திட்டம் சமர்ப்பிக்க வேண்டும், மாவட்ட எல்லைக்குள் உள்ள தனியார் பள்ளிகளோடு கலந்தாலோசித்து அங்குள்ள ஆசிரியர்களுக்கும் உரிய பங்கைப் பயிற்சியாக வழங்க வேண்டும். மாவட்டம் தன் சொந்த நிதியில் ஏற்கெனவே செய்துவந்த பணியைக் கூட்டாட்சிக் கணக்குக்கு மாற்றுவதற்கும் இடமில்லை. போட்டி மானியத்தைத் தேடிப் புறப்படும் முன், இந்த நிதி உங்கள் மாவட்டத்தில் எதற்குச் செலவாகிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் வகை, போட்டியிட்டுப் பெறும் மானியம். கல்வித் துறையின் திட்ட எண்கள் 84 என்றும், நீதித் துறையின் எண்கள் 16 என்றும், சுகாதார, மனிதநலத் துறையின் எண்கள் 93 என்றும் தொடங்கும். பள்ளிப் பாதுகாப்பு குறித்த பயிற்சிக்கு நீதித் துறையையே நாட வேண்டியிருக்கும். அங்குள்ள பள்ளி வன்முறைத் தடுப்புத் திட்டத்தில் கூட்டாட்சிப் பங்கு பொதுவாகச் செலவில் 75 சதவீதத்தைத் தாண்டாது. எஞ்சியதை உள்ளூரில் திரட்ட வேண்டும்.

மானியமே இல்லாமல் இலவசமாகக் கிடைக்கும் வழிகாட்டுதலும் உண்டு. மாநிலக் கல்வித் துறைகளுக்கும் மாவட்டங்களுக்கும் உதவுவதற்கென்றே கூட்டாட்சி நிதியில் பல மையங்கள் இயங்கிவந்துள்ளன. ஆனால் 2025 பிப்ரவரியில் கல்வித் துறை இவற்றுள் பலவற்றின் ஒப்பந்தங்களையும் மானியங்களையும் ரத்து செய்தது. எனவே பழைய பட்டியலை நம்பி ஒரு மையத்தைக் கூட்டாளியாகக் குறிப்பிடாமல், அது இப்போது இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பதிவு வேலைகள்

விண்ணப்பிக்க விரும்பும் மாவட்டம், கூட்டாட்சி நிதி பெறும் அமைப்புகளுக்கான ‘சாம்.கவ்’ (SAM.gov) பதிவுத் தளத்தில் பதிவு செய்து, 12 எழுத்துகளும் எண்களும் கலந்த தனி அடையாளக் குறியீட்டைப் பெற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பழைய ‘டன்ஸ்’ எண்ணின் இடத்தில் இதுவே பயன்படுகிறது. பதிவு முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அதன்பின் மானிய விண்ணப்பங்களைப் பதிவேற்றும் ‘கிராண்ட்ஸ்.கவ்’ (Grants.gov) தளத்தில், மாவட்டத்தின் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர் யார் என்பதைப் பதிய வேண்டும். பெயர், முகவரி ஆவணங்களில் சிறு முரண் இருந்தாலும் இது வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால், எந்த மானியப் போட்டி அறிவிக்கையும் வெளிவராத நேரத்திலேயே முடித்துவைப்பது நல்லது.

அறிவிக்கையை வாசித்தலும் எழுதுதலும்

கல்வித் துறையின் போட்டிகள் ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ அரசிதழில் அறிவிக்கப்படும். அதில் முதலில் தேட வேண்டியவை முன்னுரிமைகள். நிபந்தனை முன்னுரிமையை நிறைவு செய்யாத விண்ணப்பம் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படாது. போட்டி முன்னுரிமை கூடுதல் மதிப்பெண் தரலாம். துறை தன் விருப்பத்தை மட்டும் தெரிவிக்கும் அழைப்பு முன்னுரிமைக்கு மதிப்பெண் எதுவும் இல்லை; அதற்காகத் திட்டத்தை வளைப்பது வீண்.

அடுத்து, தேர்வு அளவுகோல்கள். ஒவ்வோர் அளவுகோலுக்கும் எத்தனை மதிப்பெண் என்பது அறிவிக்கையிலேயே இருக்கும். மதிப்பீட்டாளர்கள் அந்த வரிசையில்தான் வாசித்து மதிப்பெண் இடுவார்கள். ஆகவே உங்கள் உட்தலைப்புகளும் அதே வரிசையில், அதே சொற்களில் இருக்கட்டும். தேவையைப் பற்றிய பகுதியை மிக நீளமாக எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. வறுமை விகிதமும் தேர்வு முடிவுகளும் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். திட்ட வடிவமைப்போ ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மதிப்பெண்களின் விகிதத்திலேயே பக்கங்களையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

வடிவமைப்புப் பகுதியில்தான் தொடக்கத்தில் எழுதிய விடை உயிர்பெறுகிறது. யார் பயிற்சி பெறுகிறார்கள், எத்தனை மணிநேரம், பின்னர் வகுப்பறையில் யார் வந்து பார்ப்பார்கள், அவர்கள் எதைக் குறித்துவைப்பார்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர் பணி மாறிச் சென்றால் என்ன ஏற்பாடு என்பன ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதாக அமைய வேண்டும். திட்டம் பலன் தரும் என்பதற்கான ஆய்வுச் சான்றுகளின் வலிமையை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: வலுவான சான்று, மிதமான சான்று, நம்பிக்கையளிக்கும் சான்று, தருக்கபூர்வமான அடிப்படை. நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு உங்கள் மாணவர்களைப் போன்றவர்களிடம் நடந்ததுதானா என்பதைக் கூர்ந்து பாருங்கள். தொடர்பற்ற பெரிய ஆய்வைவிடப் பொருத்தமான சிறிய ஆய்வே வடிவமைப்புக்கு உதவும். ஆனால் அறிவிக்கை எந்த நிலைச் சான்றைக் கோருகிறதோ, அதற்குக் குறைவானதைத் தரக் கூடாது.

கல்வித் துறை அறிவிக்கைகளில் காலக்கெடு பெரும்பாலும் கிழக்கு நேரப்படி இரவு 11:59:59 மணி. மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் வந்துவிடும். கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பதிவேற்றி, தளம் பிழை காட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பணக் கணக்கு

வரவுசெலவுத் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் திட்ட விவரிப்பில் உள்ள ஏதேனும் ஒரு செயலைச் சுட்ட வேண்டும். விவரிப்பில் இல்லாத மடிக்கணினி வரவுசெலவில் தலைகாட்டினால் மதிப்பீட்டாளரின் நம்பிக்கை சரியும். ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் நேரத்தில் வகுப்பை ஏற்கும் மாற்று ஆசிரியர்களுக்கான ஊதியமே பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செலவு. வெளியிலிருந்து பயிற்றுநரை அமர்த்துவதானால், விண்ணப்பத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டது மட்டுமே கொள்முதல் விதிகளிலிருந்து விலக்கு அளித்துவிடாது.

நிதி கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியதில் முதன்மையானது, செலவு எந்த நாளில் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது. கல்வித் துறை விதிகளின்படி, ஒப்பந்தக்காரரின் பணிக்கான செலவு எழுத்துபூர்வ உடன்பாடு ஏற்பட்ட நாளில் உருவாகிறது. மாவட்டத்தின் சொந்த ஊழியரின் பணிக்கு, அந்தப் பணி நடந்த நாளில். பயணத்துக்கோ, பயணம் மேற்கொள்ளப்படும் நாளில். ஆகவே மானியக் காலம் முடிந்த பின் நடக்கும் மாநாட்டுக்கு முன்கூட்டியே பயணச்சீட்டு வாங்கிவைத்தாலும், அந்தச் செலவை மானியத்தில் சேர்க்க முடியாது. ஊழியர்களின் நேரப் பதிவுகளையும் மற்ற ஆவணங்களையும் இறுதி நிதி அறிக்கை அளித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2024 அக்டோபர் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளில், ஓராண்டின் மொத்தக் கூட்டாட்சிச் செலவு 10 லட்சம் டாலரை எட்டினால், கூட்டாட்சி நிதிகளை ஒருசேர ஆராயும் ஒற்றைத் தணிக்கையும் (Single Audit) கட்டாயம்; முன்பு இந்த வரம்பு 7,50,000 டாலராக இருந்தது.

விண்ணப்பம் தேர்வாகாவிட்டால், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளையும் மதிப்பெண்களையும் பெற்று, அவற்றை அளவுகோல் வாரியாக விண்ணப்பத்தின் அருகில் வைத்துப் படியுங்கள். மதிப்பீட்டாளர் மூவரும் ஒரே இடத்தில் மதிப்பெண் குறைத்திருந்தால், அடுத்த சுற்றுக்கான திருத்தத்தை அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் மட்டும் குறைத்திருந்தால், அங்கே செய்தி இருந்தும் அவர் கண்ணில் படாத இடத்தில் இருந்ததா என்று பாருங்கள்.