பெயிண்ட் உரியாமல் பேனல் கதவில் புது ஓட்டை

கோவையில் மோட்டார் கண்ட்ரோல் பேனல், அதாவது மோட்டார்களை இயக்கும் சுவிட்சுகள் அடங்கிய இரும்புப் பெட்டி, கட்டிக் கொடுப்பது என் தொழில். பேனல் போய் மில்லில் நின்று, ஒயரிங்கும் முடிந்த பிறகுதான் "கதவில் இன்னொரு பட்டன் வேண்டும்" என்பார்கள். பேனலின் பெயிண்ட் பவுடர் கோட்டிங், அதாவது தூளாக அடித்து அடுப்பில் சுட்டு எடுப்பது. அங்கே நின்றுகொண்டு மறுபடி அடிக்க முடியாது. டச்-அப் பெயிண்ட் வைத்தால் திட்டாகத் தெரியும். அதனால் கீறல் விழாமல் பார்ப்பதுதான் வேலையே.

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். மெயின் சுவிட்சுக்கு உள்ளே வரும் முனைகளில் அப்போதும் கரண்ட் இருக்கும், மறந்துவிடாதீர்கள். முடிந்தால் பேனலுக்குக் கரண்ட் வரும் இடத்திலேயே சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காண்டாக்டர், ரிலே (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்சுகள்) எல்லாவற்றையும் துணியால் மூடி ஓரங்களை டேப் ஒட்டுங்கள். ஒரு இரும்புச் சுருள் உள்ளே விழுந்தாலே ஷார்ட் ஆகலாம். கதவை மூடினால் பட்டனின் பின்பக்கம் எதிலாவது இடிக்குமா என்பதையும் இப்போதே அளந்துவிடுங்கள்.

ஓட்டை வரும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மாஸ்கிங் டேப், இரண்டு அடுக்கு. குறிப்பதெல்லாம் டேப் மேல் பென்சிலால்தான். டிரில் நழுவாமல் இருக்க, கூர்முனைக் கம்பியான சென்டர் பஞ்சால் குழி அடிக்கும்போது கதவுக்குப் பின்னால் ஒருவர் மரக்கட்டையை அழுத்திப் பிடிக்கட்டும், இல்லையென்றால் ஷீட் குழியும். அப்புறம் 3 மி.மீ. பிட்டில் ஒரு சின்ன ஓட்டை. எப்போதும் பெயிண்ட் பக்கத்திலிருந்தே துளையுங்கள்; பிசிறு பின்பக்கம் போய்விடும்.

அடுத்து ஸ்டெப் டிரில், அதாவது படிப்படியாக அகலமாகும் கூம்பு வடிவ பிட். மெதுவான வேகம், ஒரு சொட்டு கட்டிங் ஆயில். 22 மி.மீ. பட்டனுக்கு ஓட்டை 22.5 வரை வேண்டும். ஆனால் சாதாரண ஸ்டெப் டிரில்லில் 22-க்கு அடுத்த படி 24. அந்தப் படி லேசாகத் தொட்டாலும் ஓட்டையின் விளிம்பில் பெயிண்ட் வளையமாகப் போய்விடும். அதனால் 22 படியின் மேல்முனையில் கலர் டேப் சுற்றி வைப்பேன். அது ஷீட்டை நெருங்கும்போதே கையைத் தளர்த்திவிட வேண்டும். உண்மையில் பெயிண்டைக் கெடுப்பது வெட்டு அல்ல, பிட்டோடு சேர்ந்து சுழலும் நீளமான சுருள்தான். சுருள் நீள ஆரம்பித்ததும் டிரில்லை நிறுத்தி, குறடால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

மீதி அரை மி.மீ.க்கு அரைவட்ட அரம். இதில் ஒரு கைப்பழக்கம் முக்கியம். அரத்தை முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். தள்ளும்போது பெயிண்ட் இரும்போடு சேர்ந்து அழுந்தும், இழுத்தால் உரிந்து எழும்பும். சில பட்டன்களுக்கு மேலே சின்னக் காடியும் வேண்டும், அதையும் இப்படியே போடலாம்.

தூளைக் காற்று ஊதித் துரத்தாதீர்கள், காண்டாக்டருக்குள் போய்விடும். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காந்தத்தால் ஒற்றி எடுங்கள். பெயிண்டில் ஒட்டிய தூள் ஈரம் பட்டால் துருப்பிடித்துக் கறையாகும், அன்றைக்கே துடைத்துவிடுங்கள். ஓட்டையின் உள் விளிம்பில் சின்னத் தூரிகையால் ஜிங்க் பிரைமர் வைத்துக் காயவிடுங்கள். டேப்பை நேராக இழுக்காமல், மடக்கிப் பின்னோக்கி மெதுவாக உரியுங்கள்.

பட்டனை மாட்டும்போது முன்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பின்னால் நட்டை மட்டும் திருகுங்கள். ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்தால் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது.