கிம்ப்பில் போட்டோஷாப்பைத் தேடாதீர்கள்

மாதச் சந்தா கட்டுப்படியாகாமல் போட்டோஷாப்பிலிருந்து கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளுக்கு வரும் பலர், ஒரே வாரத்தில் "இது சரிப்பட்டு வராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய கிம்ப்புக்கென்று தனி வழிமுறைகள் உண்டு. அவற்றைக் கற்காமல் போட்டோஷாப்பின் இலவசப் பிரதியாக நினைப்பதால்தான் இந்த ஏமாற்றம்.

சேமிப்பதிலேயே சறுக்கல் தொடங்குகிறது. கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புதான் கிடைக்கும். ஜேபெக் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு எக்ஸ்சிஎஃப்பை அழித்துவிட்டால் லேயர்கள், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள், எல்லாம் போய்விடும். அதேபோல, வாடிக்கையாளர் தந்த பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த வடிவம்) கோப்பைக் கிம்ப்பில் திறந்து அதன் மேலேயே எழுதிவிடாதீர்கள். மூலப் படத்தை உள்ளேயே வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்கள் வெறும் படங்களாகிவிடலாம். மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்.

பணம் வீணாவது அச்சில்தான். கிம்ப், திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறமுறையில் வேலை செய்கிறது. திரையில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனும் நான்கு மை அச்சில் மங்கிவிடும். கல்யாணப் பத்திரிகையோ புத்தக அட்டையோ, வேலையைத் தொடங்கும் முன்பே அச்சகத்திடம் ஐசிசி ப்ரொஃபைல் (அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதை விவரிக்கும் கோப்பு) கேட்டு வாங்கி, 'சாஃப்ட் ப்ரூஃப்' செய்து, அச்சில் வரும் நிறத்தைத் திரையிலேயே பாருங்கள். சிஎம்ஒய்கேயிலேயே வரைய வேண்டுமென்றால் கிரிட்டா என்ற மென்பொருள் இருக்கிறது. லோகோவுக்கு இங்க்ஸ்கேப், கேமரா தரும் பதப்படுத்தாத 'ரா' கோப்புகளுக்கு டார்க்டேபிள். எல்லாவற்றையும் கிம்ப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பழைய விமர்சனங்களை நம்புவதும் தவறு. போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்ற முடியாது என்ற குறை, 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்போடு பெரிதும் தீர்ந்துவிட்டது.

தமிழ் எழுத்துக்கு வருவோம். பழைய போட்டோஷாப்பில் 'கெ' என்று அடித்தால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைச் செய்தால் சரியாகிவிடும். அது தெரியாமல் பழைய, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவுக்கே திரும்பியவர்கள் ஏராளம். கிம்ப், இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோட் தமிழை எந்த மாற்றமும் செய்யாமலே ஒழுங்காகக் காட்டுகிறது.

இவ்வளவு சொன்னாலும், தினமும் பிஎஸ்டி பரிமாறிக்கொள்ளும் விளம்பர நிறுவன வேலை என்றால் சந்தா கட்டிவிடுங்கள். கிராக் செய்த பிரதியை மட்டும் இறக்காதீர்கள்; அதோடு வைரஸும் சேர்ந்து வந்தால் வாடிக்கையாளரின் கோப்புகளும் பறிபோகும்.